கொரோனா லயம்

கொரோனா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதைப் பற்றிப் பேசுவதற்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்தில் இருந்த ஏறக்குறைய எல்லோரும் கோயில் மண்டபத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். வெளியே மழை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று அப்போது உத்தரவு இருந்தது. இது கூட்டமில்லை, விசேஷ பூசை என்று தலைவர் சொன்னார். முடிவில் சூடம் காட்டினார்கள், ஆகவே அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது.

தலைவர் என்றால் எங்கள் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். நான் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. ஹட்டனில் படித்ததால் எனக்குச் சிங்களம் பேச வரும், கையெழுத்தும் அழகாக இருக்கும். இந்த இரண்டும் எனக்கு நல்லது செய்திருக்கின்றன என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் முதலில் பேசியவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "இந்தக் குளிருக்கு அது மேல ஏறி வராதுங்க. கீழ வட்டவளைக்கு அங்கிட்டே செத்துரும்," என்றார். பின்னாலிருந்து ஒருவர், "குளிர்ல வச்சாத்தான் அது நல்லா இருக்குமாம், என் மச்சான் மெசேஜ் அனுப்பியிருக்கான்," என்றார். அதன் பிறகு ஒரு போன் கைமாறியது. அதில் ஒரு வீடியோ. தொப்பி போட்ட ஒரு மனிதர் தட்டை நக்கி நக்கி அடுக்குகிறார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. எப்போது எடுத்தது, எதற்காக நக்கினார் என்பதும் தெரியாது. எல்லோரும் முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தோம். அந்தப் போனை யாரும் துடைக்கவில்லை.

"வேணும்னே பரப்புறாங்கன்னு இப்ப தெரியுதுங்களா?" என்று தலைவர் கேட்டார். தெரிகிறது என்றார்கள்.

எங்கள் தோட்டத்துக்கு வந்துபோகும் முஸ்லிம் ஒரே ஒருவர்தான். துணி நானா என்று கூப்பிடுவோம். இருபது வருடமாக முச்சக்கர வண்டியில் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக, வருகிறவர். லயத்துப் பெண்களில் பாதிப் பேரின் கல்யாணச் சேலை அவரிடம் எடுத்ததுதான். அந்த ஒரு மனிதரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. "அவங்க" என்றே பேசினோம்.

முடிவு இதுதான்: தோட்டத்து முச்சந்தியில், பஸ் நிற்கும் இடத்தில், ஒரு பலகை வைப்பது. எழுதும் பொறுப்பு எனக்கு.

நான் ஒரு யோசனை சொன்னேன். இதை நான் எதிர்த்துப் பேசியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறும் யோசனை. "வெளியாட்கள் யாரும் வரக்கூடாதுன்னு பொதுவா எழுதினா நல்லா இருக்குமே தலைவர்?"

"அப்ப மரக்கறி லொறி வராதே டீச்சரம்மா? மீன்காரன் வரமாட்டானே?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தொழிற்சாலையிலிருந்து ஒரு பலகையும் பச்சைப் பெயிண்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோடு போட்டு, பென்சிலால் எழுதி, மேலே பிரஷ் வைத்து எழுதினேன். "முஸ்லிம் வியாபாரிகள் தோட்டத்துக்குள் வருவது தடை. இங்ஙனம், தோட்டப் பொதுமக்கள்." அந்தப் பொதுமக்களில் நானும் ஒருத்தி. எழுதி முடித்ததும் தலைவர் பின்னால் தள்ளி நின்று பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது அந்தச் சந்தோஷத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இருந்தது உண்மை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு நானா வந்தார். பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியிருந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். நான் என்னுடையதைத் தாடையிலிருந்து மேலே இழுத்துக்கொண்டேன்.

"வாங்க நானா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எழுத்து நல்லா ஈக்கிது மகள்," என்றார். "பிள்ளைக்காம்பரா பேர்ப்பலகையும் நீங்கதானே எழுதினது. பார்த்த உடனே தெரிஞ்சிது." பிறகு விரலை நீட்டிக் காட்டினார். "இதுல ஒரு அரவு மட்டும் விட்டுப் போச்சு. வியாபாரிகள். நீங்க வியாபரிகள்னு எழுதிட்டீங்க."

பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. பென்சிலில் இருந்திருக்கிறது, பெயிண்டில் வரவில்லை.

"ஓடர் குடுத்த துணியெல்லாம் வண்டியில ஈக்கிது," என்றார். "பொம்பளயளுக்கு ஒரு சொல்லு சொல்லிடுங்க. நான் உள்ளுக்கு வரல்ல."

சொன்னேன். மத்தியானத்துக்குள் முச்சந்தியில் முப்பது பெண்களாவது கூடிவிட்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் நானா, இந்தப் பக்கம் நாங்கள். அவர் மதகுக் கட்டையில் ஒரு பார்சலை வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்பார். வேண்டியவர் போய் எடுத்துக்கொண்டு வருவார். துணியில் வைரஸ் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கோயில் மண்டபத்தில் கேட்டவர் இரண்டு சட்டைத்துணி எடுத்தார். தலைவரின் மனைவி ஒரு சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, கரை பிடிக்கவில்லை, வேறு நிறம் இருக்கிறதா என்று பலகைக்கு மேலாக எட்டிக் கேட்டார். இருந்தது.

மறுநாள் காலை பிரஷ்ஷையும் மீதிப் பெயிண்டையும் எடுத்துக்கொண்டு போய் அந்த அரவைப் போட்டேன். பலகையை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிழை இருக்கக் கூடாது என்றுதான் தோன்றியது.

அந்த வாரமே ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். பெரிய கடை. எங்களைப் போலவே இந்தியாவிலிருந்து வந்த குடும்பம்தான், ஆனால் அவர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள். வாசலில் நீலக் கயிறு கட்டி இரண்டு வரிசை வைத்திருந்தார்கள். வாசலில் நின்றவர், "எங்கருந்து வர்றீங்க?" என்றார். சொன்னேன். "எஸ்டேட் ஆளுங்க அந்தப் பக்கம் நில்லுங்கம்மா," என்றார். அந்தப் பக்கம் கூரை இல்லை. குடையை விரித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். பயிற்சி வகுப்பில் எனக்குப் பழக்கமானவர். என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். பிறகு கடைக்காரரிடம், "பாவம், அவை லயத்தில நெருக்கமா இருக்கிற ஆக்கள்தானே. பரவினா பிறகு நிப்பாட்டேலாது," என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் நெருக்கமாகத்தான் இருக்கிறோம். அப்படி நெருக்கமாக இருக்கலாம் என்று நாங்கள் முடிவுசெய்து லயம் கட்டவில்லை என்பதை மட்டும் மழையில் நின்றுகொண்டு அவருக்கு விளக்க வசதிப்படவில்லை.

மார்கழியில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கொழும்பில் நோய் அதிகமென்று துரையின் மனைவி பக்கத்து உறவினர்கள் மூன்று வாரம் இங்கே தங்கிப்போக வந்தார்கள். எங்கள் பலகையைத் தாண்டித்தான் ஜீப் போனது. அவர்கள் வியாபாரிகள் இல்லை.

என் பக்கத்துக் காம்பரா அக்காவின் கணவர் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்பவர். அதிகம் பேசாதவர். ரோசாச் செடிகளிடம் பேசுவார் என்று அக்கா சொல்வார். விருந்தாளிகளின் பெட்டிகளை அவர்தான் இறக்கி, மாடிக்குத் தூக்கிப் போனார். ஒரு ஐயா இருமிக்கொண்டே படியேறினாராம். "ஏசி வண்டியில வந்த சளி" என்று அவர்களே சொன்னார்களாம்.

சில நாள் கழித்துப் பக்கத்துக் காம்பராவில் சண்டை. எங்கள் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது, ஆகவே யார் வீட்டுச் சண்டையும் யாருக்கும் இரகசியமில்லை.

"சம்பல்ல காரமே இல்ல," என்றார் அவர்.

"காலைல இருந்து மழையில கொழுந்து பறிச்சிட்டு வந்து இடிச்சுக் குடுத்தா காரம் இல்லையா? நாக்க எங்க கழட்டி வச்சிட்டு வந்தீங்க?" என்றார் அக்கா.

சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சுவருக்கு அப்பாலிருந்து என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நாக்கு ருசி போறதுதானே அதுக்கு அடையாளம்னு நீ அன்னைக்கு புள்ளக்காம்பராவுல படிச்சுக் காட்டினே?"

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பரிசோதித்தார்கள். இருந்தது. அவரை அப்படியே சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் ஏறும்போது அவர் மனைவியிடம் சொன்ன ஒரே வார்த்தை, பங்களா ரோசாவுக்கு மருந்தடிக்கும் நாள் நாளைக்கு என்று யாரிடமாவது சொல்லிவிடு என்பது.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர், இளைஞர். தமிழ் வராது. ஆகவே நான் மொழிபெயர்த்தேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. அத்தனை பேரும் காம்பரா வாசலில் நின்றார்கள். அவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார், நான் சொன்னேன்.

"எல்லாரும் பதினாலு நாள் வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது. வருத்தம் உள்ளவங்களோட பழகினவங்க தனி அறையில இருக்கணும். தனி மலசலகூடம் பாவிக்கணும்."

"தனி அறைன்னா எந்த அறைன்னு கேளு," என்றார் அக்கா.

கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு காம்பரா. அதற்குப் பின்னால் அடுப்படி. அக்கா, அவருடைய மாமியார், இரண்டு மகள்மார். பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார். தாளில் இதற்கு ஒன்றும் இல்லை. "அப்படியானால் ஒரு மூலை," என்று மெதுவாகச் சொன்னார்.

சொன்னேன்.

"நல்லது," என்றார் அக்கா. "மூல நாலு இருக்கு. நாங்களும் நாலு பேரு. சரியா வரும்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் லயத்தில் எல்லோரும் சிரித்ததால் அவர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு காம்பராவுக்கும் நாலு மலசலகூடம், தண்ணீருக்கு ஒரு பீலி என்பதை எழுதிக்கொண்டார். பிறகு பன்னிரண்டு கதவிலும் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற சிவப்புத் தாளை ஒட்டினார். மூன்று மொழியிலும் இருந்தது. தமிழில் இரண்டு பிழை.

கிளம்பப் போனவரை அக்கா நிறுத்தினார். "தங்கச்சி, பங்களாவுல ஏன் ஒட்டலன்னு கேளு."

நான் சிங்களத்தில், "பங்களாப் பக்கமும் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்," என்றேன். நல்ல வேலையில் இருக்கிறவள், துரையின் கையெழுத்தில் சம்பளம் வாங்குகிறவள் அப்படித்தான் மொழிபெயர்ப்பாள்.

"நான் அப்பிடி கேக்கல," என்றார் அக்கா. அவருக்குச் சிங்களம் பேச வராது, ஆனால் முப்பது வருடம் சந்தைக்குப் போய் வந்தவருக்குக் காது இருக்கிறது. "ஏன் ஒட்டலன்னு கேட்டேன். அதையே கேளு."

அதையே கேட்டேன். எங்கிருந்து பெட்டி வந்தது, யார் தூக்கினார், யார் இருமினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த இளைஞர் கொஞ்ச நேரம் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பையில் எத்தனை தாள் மீதி இருக்கிறது என்று பார்த்தார். மோட்டார் சைக்கிளைப் பங்களாப் பாதையில் திருப்பினார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். விருந்தாளிகள் முந்தின நாளே கொழும்புக்குப் போய்விட்டார்களாம். பங்களாவில் எல்லோருக்கும் தனித்தனி அறையும் தனித்தனிக் குளியலறையும் இருக்கிறதாம். "ஆனாலும் கேட்டில் ஒரு தாள் ஒட்டிவிட்டேன் மிஸ்," என்றார். அவர் முகம் வியர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

அன்று சாயந்தரம் நல்ல மழை. காலையில் பங்களா கேட்டில் தாள் இல்லை. மழையில் விழுந்துவிட்டது என்று காவல்காரர் சொன்னாராம். எங்கள் லயத்துக் கதவுகளிலிருந்த பன்னிரண்டும் அதே மழையில்தான் நனைந்தன. ஒன்றுகூட விழவில்லை. ஒரே பசைதான் என்று நினைக்கிறேன்.

எங்கே இருந்து வந்தது என்ற விவாதம் இப்போது மண்டபத்தில் நடக்க வழியில்லை, ஆகவே போனில் நடந்தது. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "தீபாவளித் துணியில வந்திருக்கும்," என்று போட்டார். தீபாவளி முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அக்கா அந்த வருடம் துணியே எடுக்கவில்லை. இரண்டையும் நான் எழுதினேன். பதிலுக்குக் கும்பிடும் கைகள் மட்டும் மூன்று வந்தன.

மற்ற லயங்களில் எங்களை ஒருவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. "கொரோனா லயம்" என்றார்கள். எங்கள் லயத்துக்கு அதுவரை பள்ளத்து லயம் என்று பேர். எங்கள் பீலிக்குக் கீழே இருக்கும் லயத்துக்காரர்கள், நாங்கள் குளித்த தண்ணீர் அவர்கள் பக்கம் வருகிறதென்று வாய்க்காலுக்குக் கல் அடுக்கினார்கள். பிள்ளைக்காம்பராவை மூடினார்கள். தலைவர் நிவாரணப் பொதிகளை லயத்துக் கோடியில் வைத்துவிட்டு, எவரும் கிட்ட வருவதற்குள் ஓடிவிடுவார். ஐம்பது வயதுக்கு மேலானவர், அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நானா எனக்குப் போன் எடுத்தார்.

"உங்கட லயத்த மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன் மகள். அந்தப் பூந்தோட்டக்காரத் தம்பிக்கு எப்பிடி ஈக்கிது?"

ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள், பேசுகிறார் என்றேன். லயத்தில் யார் யாருக்கு என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரையும் அவருக்குத் தெரியும். யார் என்ன அளவு சட்டை போடுவார் என்பதுவரை தெரியும். நானும் பதிலுக்கு, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டேன். கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"உம்மா மௌத்தாகிட்டாங்க," என்றார். "போன கிழமை. நெஞ்சு வருத்தம்னுதான் ஆஸ்பத்திரியில வெச்சது. மௌத்தான பொறகு டெஸ்ட் பண்ணி ஈக்கிதுன்னாங்க. எரிச்சிட்டாங்க மகள். மூடின பெட்டியத்தான் தூரத்துல இருந்து காட்டினாங்க."

அப்போது நாட்டில் சட்டம் அப்படி இருந்தது. அந்த நோயில் இறந்தவர் எந்த மதமானாலும் எரிப்பார்கள், புதைக்க விடமாட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவசரப்பட்டு, "எங்க ஆளுங்கள்லயும் எரிக்கிறாங்கதானே நானா," என்றேன்.

"உங்களுக்கு அது சரி மகள்," என்றார். "எங்களுக்கு இல்ல." பிறகு, பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் அக்கா, "யாரு?" என்றார். சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "ஒனக்கு வேற ஒண்ணும் வாயில வரலியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, வரவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ வார்த்தைகளை இரண்டு மொழியில் மாற்றிக் கொடுத்தவளுக்கு அன்று ஒரு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

பதினான்கு நாள் முடிந்து கதவுத் தாள்களைக் கிழித்ததும் நான் முதலில் முச்சந்திக்குப் போனேன். பலகை நாலு ஆணியில் நின்றது. சுத்தியலின் பின்பக்கத்தால் பிடுங்கினேன். மூன்று வந்தது, நாலாவது வரவில்லை, பலகையை முறித்துத்தான் எடுத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். "என்ன டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். தைரியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "பெயிண்ட் போயிருச்சு," என்றேன். பெயிண்ட் போகவில்லை. அது நல்ல பெயிண்ட். அதற்குப் பிறகு பலகை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, தலைவரும் கேட்கவில்லை. நானா அடுத்த முறை வந்தபோது உள்ளே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று, பால் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். "சரி மகள்" என்று சொல்லவில்லை. மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

லயத்தைத் திறந்த மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, துரையே வந்தார். கண்ணாடி போன்ற முகமூடியைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைப் படியில் நின்றார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பக்கத்தில் கொப்பியோடு நின்றார். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் கீழே. அன்று காலை பிள்ளைகளை எடுத்துப்போக நானும் அங்கே இருந்தேன்.

"லயம் சுத்தமா வெச்சிக்கணும்," என்றார் துரை. அவருடைய தமிழ் வேலை வாங்கும் அளவுக்கு வரும். "ஒங்க ஆளுங்க கை கழுவல, மாஸ்க் போடல. அதனால ஒரு லயம் முழுசா பதினாலு நாள் வேலை இல்ல. தோட்டத்துக்கு நட்டம். இனிமே வெளிய இருந்து யாரும் உள்ள வர ஏலாது."

அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"தொரை, ஒண்ணு கேக்கலாங்களா?"

துரை தலையாட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு பதினெட்டு வருசமா பங்களாவத் தவிர வேற எங்கயும் போனதில்லீங்க. கோயிலுக்குக்கூட நான் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். டவுனுக்குப் போறதில்ல, கடைக்குப் போறதில்ல. அப்ப அவருக்கு அது எங்க இருந்துங்க வந்துச்சு?"

சத்தமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போலத்தான் கேட்டார். துரை கண்டாக்கு ஐயாவைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா கொப்பியைப் பார்த்தார். கொப்பியில் அன்றைக்கு எந்த மலையில் எத்தனை பேர் என்பதுதான் இருந்திருக்கும்.

"நேரமாச்சு, நேரமாச்சு, மலைக்குப் போங்க," என்றார் கண்டாக்கு ஐயா.

"போறேங்க," என்றார் அக்கா. "சொல்லிட்டீங்கன்னா போறேன்."

துரை படியிறங்கி ஜீப்பில் ஏறினார். அக்கா ஜீப் போகும்வரை அங்கேயே நின்றார். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை தலைவர் லயத்துக்கு வந்தார். இந்த முறை நடந்து வந்தார். "இப்பிடி பப்ளிக்கா கேட்டிருக்கக் கூடாதும்மா. கமிட்டியில வச்சிப் பேசியிருக்கலாம்," என்றார்.

"கமிட்டி எப்பங்க கூடும்?"

"இப்ப கூட முடியாதே. கூட்டம் போடத் தடை."

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அக்காவுக்கு உச்சி மலையில் வேலை. தோட்டத்திலேயே செங்குத்தான மலை அது, அட்டை அதிகம், போய்ச் சேரவே ஒரு மணி நேரம். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய பேர் அந்த மலைப் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான். கணவர் உயிரோடு திரும்பி வந்தார், ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பங்களாவில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவர் லயத்துக்குப் பின்னால் கொஞ்ச இடத்தில் போஞ்சிக் கொடி போட்டார். புதிய ஆள் ரோசாவுக்கு அளவுக்கு மீறி மருந்தடிக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் அக்கா உச்சி மலைக்கு ஏறி இறங்கினார். ஒருநாள் காலில் அட்டை கடித்த இடங்களுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, "கேக்காம இருந்திருக்கலாமோன்னு தோணுதாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏன் தோணணும்?" என்றார். "கேட்ட நானே பேசாம இருக்கேன். பதில் சொல்லாம போனவருக்குத்தான் தோணணும்." பிறகு மற்றக் காலை நீட்டினார். "இந்தப் பக்கம் வெளிச்சம் படல, கொஞ்சம் தள்ளி உக்காரு."

அடுத்த வருடம் அந்தத் துரை மாற்றலாகிப் போனார். புதிய துரை வயதில் சின்னவர். முதல் நாள் பெரட்டில், லயங்களில் ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, பள்ளத்து லயத்துக் கூரைத் தகரமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை, மழைக்கு உள்ளே சட்டி வைக்கிறோம் என்றார். புதிய துரை கண்டாக்கு ஐயாவிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் லொறியில் தகரம் வந்தது. ஒரு கோடியிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏழு காம்பராவுக்குப் போட்டதும் தகரம் முடிந்துவிட்டது. அக்காவுடையது ஏழாவது. என்னுடையது எட்டாவது.